ஜாசின் பந்தியில் ஆறு மஞ்சள் அட்டைகள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்தத் தடவை வாயைக் கொடுத்தது ஷா ஆலமில் என் வீட்டுத் தீபாவளி விருந்தில்; மாட்டிக்கொண்டது ஜாசினிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே, ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் அடுப்படியில். நடுவில் ஒன்பது மாதம் இருந்தது. தப்பித்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

என் மனைவி சுமதியின் தங்கை மேகலா. ஆயர் குரோவில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். பிறந்தது அந்தத் தோட்டத்தில். இப்போது அங்கே பதினெட்டுக் குடும்பம்தான் இருக்கிறது. மற்றவர்கள் ஆயர் குரோ, ஜாசின், ஷா ஆலம் என்று தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். ஆடித் திருவிழாவுக்கு மட்டும் எல்லோரும் காடி ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். எத்தனை பேர் என்று அம்மனுக்கே தெரியாது. போன ஆண்டு முதல் முறையாக அன்னதானச் சமையலை மேகலாவின் பொறுப்பில் விட்டார்கள். கடைசிப் பந்தியில் சோறு தீர்ந்துபோனது. செர்காமிலிருந்து ஒரு பஸ்ஸில் வந்த நாற்பத்து நான்கு பேர் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். இலையில் உட்கார்ந்தவரைச் சாப்பிடாமல் எழுப்புவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோயில் கமிட்டி இன்னும் ஒரு வாய்ப்புத் தருவதாகவும், மறுபடி இப்படி நடந்தால் டவுனிலிருந்து கேட்டரிங் வைத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டது.

இந்தக் கதையை அவள் என் வீட்டில் கண்கலங்கச் சொன்னபோது, நான் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "கான்பான் இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது" என்றேன். நான் ஒரு கிடங்கில் திட்டமிடல் அதிகாரி. ஒன்பது வருடமாகப் புது ஆட்களுக்கு இதைத்தான் பாடம் எடுக்கிறேன். மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நீங்களே வந்து செய்யுங்க அத்தான்" என்றாள். சுமதி உடனே நாள்காட்டியில் குறித்துவிட்டாள்.

சுமதி வியாழக்கிழமையே காடியை எடுத்துக்கொண்டு போய்விட்டதால் நான் சனிக்கிழமை பஸ்ஸில் போனேன். கோலாலம்பூரின் தெற்குப் பேருந்து முனையத்திலிருந்து மலாக்கா செண்ட்ரல் வரை கட்டணம் பதினைந்து வெள்ளி. காலை எட்டரை பஸ், எட்டு நாற்பதுக்குக் கிளம்பி, சிரம்பான் பக்கம் நெரிசலில் ஊர்ந்து, பத்து ஐம்பதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தூரம் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். குளிர்சாதனம் கொன்றுவிடும், கையில் ஒரு சட்டை வைத்துக்கொள்ளுங்கள். என் மடியில் ஒரு காகிதப் பை இருந்தது. அதில் பிளாஸ்டிக் உறை போட்ட ஆறு மஞ்சள் அட்டைகள், ஆறு எஸ் கொக்கிகள். பக்கத்து சீட்டுப் பெண் அதை இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

மலாக்கா செண்ட்ரலில் போன் வழியாகக் கூப்பிட்ட காடியை ஓட்டி வந்தவர் தனபால். நாற்பது வயது இருக்கும், மீசை கொஞ்சம் அதிகம். மேகலாவின் வீடு இருக்கும் ஆயர் குரோ ஒன்பது கிலோமீட்டர், நேரே போனால் பதினான்கு வெள்ளி. எனக்கு நாக்கில் கிளேபாங் தேங்காய் ஷேக் ஆசை. அது எதிர்த் திசை. "சுத்திட்டுப் போலாம் சார், முப்பத்தஞ்சு குடுங்க, நானும் ஒன்னு குடிக்கிறேன்" என்றார். நியாயமாகப் பட்டது.

கிளேபாங்கில் சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு வரிசை இருபது பேர். ஒரு கோப்பை ஐந்து வெள்ளி, மேலே ஐஸ்கிரீம் போட்டது. வரிசையில் நிற்கும்போது தனபால் என் பையைக் காட்டி, "இது என்ன சார், அட்டையெல்லாம்?" என்றார். கான்பான் என்றேன்.

"சூஷி கடையில விக்கிறதா?"

சாப்பாட்டுக்காகத்தான், ஆனால் சாப்பிட முடியாது என்று சொல்லி, எனக்கு ஆள் கிடைத்துவிட்ட குஷியில் பாடத்தை ஆரம்பித்தேன். கான்பான் ஜப்பானியச் சொல். 'கான்' என்றால் பார்ப்பது, 'பான்' என்றால் பலகை. பழைய நாளில் கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகைக்கு அந்தப் பெயர். போர் முடிந்த பிறகு அங்கே ஒரு கார்த் தொழிற்சாலையில் இதற்கு வேறு வேலை கொடுத்தார்கள். அமெரிக்காவின் சூப்பர் மார்க்கெட்டில் எப்படி நடக்கிறது என்று கவனித்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் தட்டிலிருந்து வேண்டியதை எடுக்கிறார். எடுத்த அளவுக்குக் கடைக்காரர் திரும்ப நிரப்புகிறார். அவ்வளவுதான். அதையே தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பெட்டி உதிரிப் பாகத்தோடும் ஓர் அட்டை. பாகத்தை எடுத்துப் பூட்டுகிறவன் அட்டையைப் பின்னால் அனுப்புவான். அட்டை வந்தால்தான் பின்னால் இருக்கிறவன் அடுத்த பெட்டியைச் செய்வான். வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஊகம் கிடையாது, கூச்சல் கிடையாது. இப்போது ஆபீசுகளில் சுவரில் மூன்று கட்டம் போட்டு வண்ணத்தாள் ஒட்டுகிறார்களே, செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது என்று, அது இதனுடைய பேரப்பிள்ளை.

தனபால் கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் மேல் நிரப்பி வைத்த கோப்பைகள் வரிசையாக இருந்தன. நாலு மிச்சம் இருக்கும்போது ஒருவர் அடுத்த தேங்காயை வெட்ட ஆரம்பித்தார்.

"இதானே சார்? எங்க வீட்டுல சமைக்கிற கேஸ் தோங் ரெண்டு இருக்கும். ஒன்னு முடிஞ்சா ரெண்டாவத மாட்டிட்டு உடனே கேஸ்காரனுக்குப் போன் அடிச்சிருவா என் பொண்டாட்டி. முழுசா தீர்ற வரைக்கும் யாராச்சும் உக்காந்திருப்பாங்களா? அதுக்கு ஜப்பான்காரன் வேணுமா லா?"

நான் சிரித்துவிட்டு ஷேக்கை உறிஞ்சினேன். அவர் சொன்னதில் பாதி மட்டும்தான் காதில் ஏறியது என்பது மறுநாள் தெரிந்தது.

மதியம் ஆயர் குரோவில் மேகலா வீட்டில் ரசம் சாப்பிட்டுவிட்டு மூன்றரைக்குத் தோட்டத்துக்குக் கிளம்பினோம். இருபத்தேழு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். ஜாசின் தாண்டி செம்பனை மரங்களுக்குள் நுழைந்த பிறகு சாலை குண்டும் குழியும். தாழ்வான காடி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் போங்கள். போனில் சிக்னல் கோயில் வாசலில் மட்டும் வரும்.

சாப்பாட்டுக் கூடம் முன்னால், அடுப்படி பின்னால், இடையில் ஒரு சுவர், ஓர் ஐம்பதடி நடை. போன ஆண்டுக் கோளாறுக்குக் காரணம் இந்தச் சுவர்தான் என்று கண்டுபிடித்தேன். முன்னால் எவ்வளவு போகிறது என்று பின்னால் தெரியவில்லை. இரண்டு மணிக்கு முடிந்துவிட்டதென்று நினைத்து அடுப்பை அணைத்திருக்கிறார்கள். என் திட்டம் எளிமை. கூடத்தில் ஆறு அண்டா சோறு. ஒன்று சுமார் நூறு பேருக்கு. ஒவ்வோர் அண்டாவின் காதிலும் ஒரு மஞ்சள் அட்டை. அண்டா காலியானால் அட்டையைக் கொண்டுவந்து அடுப்படி வாசல் ஆணியில் மாட்ட வேண்டும். இரண்டு அட்டை மாட்டினால் புது உலையில் அரிசி விழும். அட்டை வராமல் ஒரு படி அரிசியும் போடக்கூடாது.

பரிமாறும் குழுவுக்குத் தலைவர் முனியாண்டி அண்ணன். லோரி ஓட்டுநர். முப்பது தொண்டர்களைக் கண்ணாலேயே ஆட்டி வைப்பவர். ஐந்து மணிக்கு ஒத்திகை. வெறும் அண்டாக்களை வைத்து, சோறு இருப்பதாகப் பாவித்து, வாளியில் காற்றை அள்ளி, இலைக்குக் காற்றைப் போட்டு, "காலி!" என்று கத்தி அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒரே சிரிப்பு. ஆறு அட்டையும் ஆறு ஆணியில் அழகாகத் தொங்கின. நான் அதைப் படமெடுத்து ஆபீஸ் குழுவுக்கு அனுப்பவும் செய்தேன். அனுப்பியிருக்கக் கூடாது.

ஞாயிறு. பதினொன்றே முக்காலுக்கு ஆறு அண்டாவும் கூடத்துக்குப் போயின. பன்னிரண்டு பத்துக்கு முதல் பந்தி, நூற்றிருபது பேர். பந்திக்கு இருபது நிமிடம். நான் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு ஆணிகளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். மேகலா முந்தானையைச் செருகிக்கொண்டு சாம்பார், கூட்டு, பாயாசம் என்று சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்கு வந்து கேட்டாள். "அத்தான், ஒரு கார்டு கூட வரலையே?"

"வரலைன்னா தேவை இல்லைன்னு அர்த்தம். சிஸ்டத்த நம்பு."

"மூனாவது பந்தி உக்காந்தாச்சு லா."

"கூட்டம் இந்த வருசம் கம்மியா இருக்கும்."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். அரிசி போடவில்லை; ஒரு கொப்பரை உலைநீரை மட்டும் சிறு தீயில் வைத்து மூடியதைக் கவனித்தேன். கேஸ் வீண் என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஒன்றரைக்கு அவள் கையிலிருந்த அகப்பையை என் மடியில் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். நானும் அகப்பையோடு ஓடினேன்.

கூடத்தில் ஐந்தாவது பந்தி நிறைந்துகொண்டிருந்தது. சுவரோரம் ஐந்து அண்டாக்கள் வரிசையாக, தட்டுப் போட்டு மூடி, அட்டை காதில் தொங்க நின்றன. ஆறாவது அண்டாவிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதுதான் கடைசி. ஒரு தட்டைத் திறந்தேன். அடியில் ஏழெட்டு அகப்பைச் சோறு. அடுத்ததைத் திறந்தேன். அதிலும் அதேபோல. ஐந்திலும் அப்படியே.

"அண்ணே, இதெல்லாம் முடிஞ்சுபோச்சே! ஏன் கார்டு அனுப்பல?"

முனியாண்டி அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "காலியானாத்தானே கார்டு அனுப்பச் சொன்னீங்க? காலி ஆகலையே. சோறு இருக்கு பாருங்க."

"அடியில இருக்கு. அதையும் போட்டுட்டு அனுப்ப வேண்டியதுதானே?"

"அன்னதானம் நடக்கிறப்ப சோத்துப் பானைய எவனாச்சும் வழிப்பானா தம்பி? கொஞ்சம் இருக்கணும். உங்க வீட்டுல அப்படித்தான் வழிப்பீங்களா?"

இல்லை. என் வீட்டிலும் வழிக்கமாட்டோம். அரிசி டின்னைக்கூடச் சுமதி ஒரு பிடி மிச்சம் வைத்துத்தான் நிரப்புவாள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் அட்டையில் 'காலி' என்று எழுதும்போது அந்த ஞாபகம் வரவில்லை. ஒத்திகையில் அண்டா நிஜமாகவே வெறுமையாக இருந்ததால் யாருக்கும் கை தடுக்கவில்லை. முப்பது பேரும் என் விதியை ஓர் எழுத்து பிசகாமல் பின்பற்றியிருக்கிறார்கள்.

மேகலா அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். சிறு தீயில் இருந்த உலை அவளைக் காப்பாற்றியது. ஒன்று முப்பத்தைந்துக்கு அரிசி விழுந்தது. வெந்து வடித்து வர எப்படியும் இரண்டு பத்து ஆகும். ஒன்று ஐம்பதுக்கு ஐந்தாவது பந்தி எழுந்தது. ஆறாவது அண்டாவும் அடியைத் தொட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் செர்காம் பஸ் வந்து நின்றது.

அதே நாற்பத்து நான்கு பேர். சரியாகச் சொன்னால் இந்த ஆண்டு நாற்பத்தாறு. ஜாசின் சந்தை நெரிசலில் மாட்டி வந்திருந்தார்கள். கூட்டிவந்த அக்கா, பச்சைப் புடவை, மேகலாவைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கவலப்படாத மேகலா. இந்த வருசம் பஸ்ஸிலேயே எல்லாருக்கும் பிஸ்கட் குடுத்துட்டேன். சும்மா கும்பிட்டுட்டுப் போறோம் லா."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது. மேகலா சுவரோர அண்டாக்களைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேண்டிக்கொண்டது அம்மனிடமா ஜப்பானிடமா என்று இப்போது ஞாபகம் இல்லை.

மேகலா அழவில்லை. "உக்காருங்கக்கா. எல்லாரையும் உக்காரச் சொல்லுங்க. இலை போடுங்கப்பா" என்றாள். நேராகச் சுவரோரம் போய் முதல் அண்டாவின் தட்டைத் திறந்து வாளியில் கவிழ்க்கப் போனாள். முனியாண்டி அண்ணன் குறுக்கே கை நீட்டினார்.

"மேகலா, வேணாம்மா. அது அப்படியே இருக்கட்டும்."

"யாருக்குண்ணே இது மிச்சம் வச்சீங்க?"

அவருக்குப் புரியவில்லை. "யாருக்குன்னா... யாராச்சும் பிந்தி வந்தா..."

"வந்துட்டாங்கண்ணே."

அவர் திரும்பிப் பார்த்தார். செர்காம்காரர்கள் வேண்டாவெறுப்பாக ஒவ்வொருவராக உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு நொடிதான். கையை எடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டி, அவரே அண்டாவைத் தூக்கிக் கவிழ்த்தார். தொண்டர்கள் மற்றவற்றைத் தூக்கினார்கள். ஆறு அடிகளும் சேர்ந்து இரண்டு வாளி நிறைந்தன. ஆளுக்கு முதல் சோறு போடத் தாராளம். சாம்பார் போனது, கூட்டு போனது, மேகலா பாயாசத்தையும் வடையையும் முன்கூட்டியே அனுப்பிப் பந்தியை நிதானமாக நடத்தினாள். ரசத்துக்குச் சோறு கேட்கும் நேரம் சரியாக ஆவி பறக்கப் புது அண்டா வந்தது. மணி இரண்டு பன்னிரண்டு. பச்சைப் புடவை அக்கா இரண்டாம் முறை சோறு வாங்கி, மூன்றாம் முறையும் கையைக் காட்டினார். பிஸ்கட் கதையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கமிட்டித் தலைவரும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார். பின்னால் நடந்த கூத்து எதுவும் அவருக்குத் தெரியாது. கை கழுவிவிட்டு வந்து, "இந்த வருசம் கச்சிதம்மா" என்று சொல்லி, அடுப்படிச் சாவியை மேகலாவிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஓராண்டுக் கனம் அந்தச் சிரிப்பில் இறங்கியது. எனக்குத்தான் கண் கலங்கியது. அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். அது கேஸ் அடுப்பு.

நான்கு மணிக்கு அண்டாக்களைக் கழுவியபின், மேகலா ஒவ்வொன்றின் உள்ளேயும் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆணியால் ஒரு கோடு கீறினாள். சோறு கோட்டுக்கு வந்தால் அட்டை போக வேண்டும். கோட்டுக்குக் கீழே இருப்பது அங்கேயே இருக்கும். தொழிற்சாலையிலும் அட்டை அப்படித்தான் போகும். பெட்டி தீர்ந்த பிறகு அல்ல, தீரும் முன்னால், அடுத்தது வந்து சேரும் வரை தாங்குகிற அளவு மிச்சம் இருக்கும்போதே. இதை நான் வருடா வருடம் வகுப்பில் படம் வரைந்து சொல்கிறேன். தனபாலின் மனைவி கேஸ் தோங்கில் செய்கிறார். முனியாண்டி அண்ணன் அட்டையே இல்லாமல் அந்த மிச்சத்தை வைத்திருந்தார். மறந்தது நான் ஒருவன். கடைசியில் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது இதை மேகலாவிடம் ஒப்புக்கொண்டேன். "ரசம் ஊத்தவா அத்தான்?" என்றாள். அந்த அளவோடு விட்டதே பெரிது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். இந்தப் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் ஆடித் திருவிழா ஞாயிற்றுக்கிழமைகளில் வரும். கோயிலுக்குக் கோயில் நாள் மாறும், முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். மலாக்கா செண்ட்ரலிலிருந்து ஜாசினுக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் ஞாயிறன்று நம்பாதீர்கள். காடிதான் வசதி, திரும்பி வரவும் அப்போதே பேசிக்கொள்வது நல்லது. ஜாசின் சந்தை வழியே பதினொன்றுக்கு முன்னால் கடந்துவிடுங்கள். மறுநாள் லீவு இருந்தால் செர்காமில் சுட்ட மீன் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். நாங்கள் மூன்று பேர் திங்கள் மதியம் எழுபத்திரண்டு வெள்ளிக்குச் சாப்பிட்டோம், மேகலாவின் பங்கை என்னைக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன்.

நெரிசலில் மாட்டி, இரண்டு மணிக்கு மேல்தான் அந்தக் கோயிலுக்குப் போய்ச் சேர்கிறீர்கள் என்றால், எல்லாம் முடிந்திருக்கும் என்று வாசலோடு கும்பிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பஸ்ஸில் பிஸ்கட்டும் வேண்டாம். உள்ளே போய் இலையில் உட்காருங்கள். கோட்டுக்குக் கீழே இருப்பது உங்களுக்குத்தான்.